பராமரிப்பில் இருப்பவரின் அந்தரங்கம்: சட்டம் சொல்வதும் வார்டில் நடப்பதும்

சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 16,200 ஆக இருந்த தாதிமை இல்லப் படுக்கைகளை 2030க்குள் 31,000க்கு மேல் உயர்த்தச் சுகாதார அமைச்சு திட்டமிட்டிருக்கிறது. அந்த ஆண்டு வரும்போது குடிமக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதினராக இருப்பார். இந்த எண்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கட்டணம், மானியம், காத்திருப்புக் காலம், தாதியர் பற்றாக்குறை ஆகியவையே முன்னால் வந்து நிற்கின்றன. அவை முக்கியமானவைதாம். ஆனால், அந்தப் படுக்கைகளில் இருக்கப்போகிறவர்களின் உடை யார் கண்முன்னே மாற்றப்படும், அவர்களுடைய அலமாரியை யார் திறக்கலாம், மகனிடம் தொலைபேசியில் அவர்கள் அழுவது அடுத்த கட்டிலுக்குக் கேட்காமல் இருக்க வழி உண்டா என்ற கேள்விகள் அபூர்வமாகவே எழுகின்றன. அந்தரங்கம் என்பது நடமாட்டத்தோடு இருப்பவர்களுக்கு உரியது, படுத்தவருக்கு அது இரண்டாம்பட்சம் என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றிவிட்டது. சட்டப்படியும் சரி, பராமரிப்பு முறைப்படியும் சரி, அந்த எண்ணம் தவறானது.

முதலில் இடத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். மானியம் பெறுவோர் தங்கும் தாதிமை இல்லங்களில் ஓர் அறைக்கு ஆறு, எட்டுக் கட்டில்கள், சில இடங்களில் அதற்கும் மேல், இருப்பதே வழக்கம். ஒருவர் தமக்கென்று சொல்லிக்கொள்ளக்கூடியவை ஒரு கட்டில், பக்கத்தில் ஒரு சிறு அலமாரி, மேலே கம்பியில் ஓடும் திரைச்சீலை, அவ்வளவே. 2010களின் நடுப்பகுதியில் லியன் அறநிறுவனமும் கூ சுவீ நியோ அறநிறுவனமும் இணைந்து, ஒருவர் அல்லது இருவர் மட்டும் தங்கும் அறைகள் கொண்ட தாதிமை இல்லம் ஒன்றை அமைக்க முன்வந்தன. அத்தகைய அறைகளுக்கு மானியம் அளிப்பது நீண்டகாலத்துக்குக் கட்டுப்படியாகாது என்பது அன்றைய அரசாங்கத்தின் நிலைப்பாடு. அதனால் அந்தத் திட்டம் நினைத்த வடிவத்தில் நிறைவேறவில்லை. 2016ஆம் ஆண்டில் இது பொதுவெளியில் விவாதிக்கப்பட்டது. பணம் கொடுக்க முடிந்தவருக்குத் தனியறை, முடியாதவருக்குப் பொதுக்கூடம் என்ற ஏற்பாட்டை நியாயப்படுத்தச் செலவுக் கணக்கு மட்டும் போதாது என்பது என் கருத்து. அன்று அந்தக் கேள்வியை எழுப்பியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அதன் பிறகு சில மாற்றங்கள் வந்திருக்கின்றன. 2021 பிப்ரவரியில் புக்கிட் பாத்தோக்கில் விற்பனைக்கு வந்த, முதியோருக்கான சமூகப் பராமரிப்பு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் 2024இல் தயாராயின. மொத்தம் 169 வீடுகள், ஒவ்வொன்றும் 32 சதுர மீட்டர். பராமரிப்புச் சேவையும் உண்டு, உள்ளிருந்து சாத்திக்கொள்ளத் தமக்கென ஒரு கதவும் உண்டு. என்றாலும் இரவு பகலாகத் தாதி தேவைப்படும் நிலையில் இருப்பவருக்கு அந்த வீடு போதாது. அவர் பொது வார்டுக்குத்தான் வர வேண்டியிருக்கும். ஆகவே கட்டடங்கள் மாறும்வரை காத்திருக்க முடியாது. தனியறையே கிடைத்தாலும், தட்டாமல் கதவைத் திறந்து உள்ளே வருகிறவர்கள் இருந்தால் அந்த அறையும் நடைபாதையைப் போன்றதுதான். எட்டுக் கட்டில் அறையிலும் திரையை முழுதாக இழுத்துவிட்டு, "அம்மா, உள்ளே வரலாமா?" என்று கேட்டு நிற்கும் ஒரு பராமரிப்பு உதவியாளரால் மறைவான ஓரிடத்தை உண்டாக்கித் தர முடியும்.

குளியலை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளில் உடல் அதிகம் வெளிப்படுவதும், மனம் அதிகம் காயப்படுவதும் அந்தச் சில நிமிடங்களில்தான். அவசரமான ஒரு காலை வேளையில் நடப்பது இதுதான்: கட்டிலிலேயே உடை முழுவதும் கழற்றப்படுகிறது, ஷவர் நாற்காலியில் உட்கார வைத்து மேலே ஒரு துண்டைப் போர்த்தி, மற்றவர்கள் காலையுணவுக்குக் காத்திருக்கும் வழியாகவே தள்ளிக்கொண்டு போகிறார்கள், நாற்காலியின் பின்பக்கம் திறந்திருப்பதை யாரும் கவனிப்பதில்லை. குளியலறையில் இருவர் சேர்ந்து குளிப்பாட்டுகிறார்கள். அந்த இருவரும் தங்களுக்குள் தங்கள் மொழியில் ஷிஃப்ட் மாற்றத்தைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். நாற்காலியில் இருப்பவரிடம் யாரும் பேசுவதில்லை. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஒன்பது மணிக்குள் இத்தனை பேரைக் குளிப்பாட்டி முடிக்க வேண்டும் என்ற கணக்குதான் அங்கே வேலை செய்கிறது.

நம் வீட்டுப் பாட்டிமார்களைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சி எவ்வளவு கொடியது என்று புரியும். பாவாடையை மார்புக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொண்டு, பூட்டிய குளியலறையில் தனியாக இருக்கும்போதுகூட உடலை முழுதாகத் திறக்காமல் குளித்துப் பழகிய தலைமுறை அது. கணவரின் முன்னால்கூட அப்படி இருந்திராத ஒருவரை முன்பின் தெரியாத இருவர் பிறந்த மேனியாக உட்கார வைக்கிறார்கள். தாலிச் சங்கிலி சோப்பில் சிக்குகிறது என்று அதைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைப்பதும், சீவிப் பின்ன நேரமில்லை என்று இடுப்புவரை இருந்த கூந்தலைக் குட்டையாக வெட்டிவிடுவதும், மார்க்கப் பற்றுள்ள ஒரு தமிழ் முஸ்லிம் மூதாட்டியின் தலைத்துணியைத் தூங்கும்போது உருவிவிடுவதும் இந்த வரிசையில் சேரும். ஒவ்வொன்றுக்கும் தொற்று, விழுந்துவிடும் ஆபத்து, நேரமின்மை என்று ஏதோ ஒரு காரணம் சொல்லப்படும். அவரிடம் கேட்டீர்களா என்ற கேள்விக்கு மட்டும் பெரும்பாலும் பதில் இருக்காது.

முறையாகச் செய்தால் அந்தக் குளியல் எப்படி இருக்கும் என்பது தாதிமைப் பயிற்சியில் கற்றுத்தரப்படுகிற ஒன்றுதான். புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இப்போது குளிக்கலாமா, சாப்பிட்ட பிறகா என்று முதலில் கேட்க வேண்டும். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகே உடையைக் களைய வேண்டும். தண்ணீரின் சூட்டை அவருடைய கையிலேயே ஊற்றிக் காட்ட வேண்டும். முகத்தையும் மறைவிடங்களையும் அவரே கழுவிக்கொள்ள முடியுமானால் துணியை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். மேலுடலைக் கழுவும்போது மடியிலும், காலைக் கழுவும்போது மார்பிலும் துணி இருக்க வேண்டும். அடுத்து எங்கே தொடப்போகிறோம் என்பதைத் தொடுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். இப்படிச் செய்வதற்கு ஒருவருக்குச் சில நிமிடங்கள் கூடுதலாக ஆகலாம். ஆனால் அந்த நிமிடங்களை மிச்சப்படுத்த நினைத்தால் வேறு வகையில் அதைவிடக் கூடுதலாகச் செலவாகிறது என்பதே உண்மை.

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் உள்ளவர்களிடம் இது தெளிவாகத் தெரியும். குளிப்பாட்ட வருகிறவரை அடிக்கிறார், கடிக்கிறார், கத்துகிறார் என்று அவருடைய பதிவேட்டில் எழுதுகிறார்கள். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால், இடம் எதுவென்றே புரியாத ஒரு குளிர்ந்த அறையில் அறிமுகமில்லாத யாரோ அவருடைய சட்டையைக் கழற்றுகிறார்கள். அந்த நிலையில் திமிறுவது நோயின் கோளாறு என்பதைவிடத் தற்காப்பு என்பதே பொருந்தும். அதைக் கோளாறாக மட்டும் பார்த்தால் அடுத்த கட்டமாக மயக்க மருந்து வரும், விரல்களை மூடும் கையுறை வரும், நாற்காலியில் கட்டும் பட்டை வரும். அந்தப் பட்டையோடு தசைகள் தளர்ந்து, நடை போய், படுக்கைப் புண்ணும் வந்து சேரும். கேட்டுவிட்டுத் தொடுவதில் மிச்சமாகும் வேலையை இந்தச் சங்கிலியிலிருந்து கணக்கிட்டுப் பார்க்கலாம்.

டயப்பர் விஷயமும் இதே கதைதான். கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டால் கழிப்பறைக்கு நடந்து போகக்கூடிய ஒருவரை, "டயப்பர் போட்டிருக்கிறீர்களே, அதிலேயே போங்கள்" என்று சொல்வது பல இடங்களில் சாதாரணமாகிவிட்டது. சிறுநீரை அடக்கும் திறன் பயன்படுத்தாவிட்டால் குறைந்துவிடும் என்பது மருத்துவம் அறிந்த செய்தி. அதற்கு முன்பே வேறொன்று உடைந்துவிடுகிறது. வாழ்நாள் முழுவதும் சுத்தத்தைப் பெரிதாக நினைத்தவர், விழித்திருக்கும்போதே, மற்றவர் முன்னிலையில், உடையிலேயே கழிக்கும்படி பணிக்கப்படுகிறார். சிலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். குடும்பத்தினர் இதைச் "சாப்பாடு இறங்கவில்லை" என்று நினைத்துக்கொள்வார்கள். கமோட் நாற்காலியைக் கட்டிலருகே கொண்டுவந்து, திரையை மூடி, கையெட்டும் இடத்தில் அழைப்பு மணியை வைத்துவிட்டு வெளியே நிற்பது ஒன்றும் பெரிய செலவுள்ள ஏற்பாடு அல்ல.

பெண்ணுக்குப் பெண்ணே பராமரிப்பாளராக வேண்டும் என்ற கோரிக்கை நம் குடும்பங்களில் இயல்பாகவே எழும். எல்லா ஷிஃப்ட்டிலும் அது முடியாது என்று இல்லங்கள் சொல்லும்போது, ஆட்பற்றாக்குறையைப் பார்த்தால், அதில் உண்மை இருக்கிறது. ஆனால் இதில் ஒரு நடுவழி உண்டு. பெண் உதவியாளர் இருக்கும் நேரத்துக்குக் குளியலை மாற்றி, அதைப் பராமரிப்புத் திட்டத்தில் எழுதி வைத்துவிடலாம். ஆண்களுக்கும் இந்தக் கூச்சம் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். பேத்தி வயதுள்ள பெண் தம்மைக் கழுவிவிடும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளும் தாத்தாக்கள் அதைப் பற்றி யாரிடமும் புகார் சொல்வதில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2008இல் நிறைவேறி 2010 மார்ச்சில் நடப்புக்கு வந்த மனத்திறன் சட்டம் இந்த விவகாரம் அனைத்துக்கும் அடித்தளம். ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று நிறுவப்படும்வரை அவருக்கு அந்தத் திறன் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்பது அதன் முதல் கோட்பாடு. முடிவெடுக்க அவருக்கு உதவும் நடைமுறை வழிகளையெல்லாம் முயன்று பார்க்காமல் அவரால் முடியாது என்று தீர்மானிக்கக் கூடாது. அவருடைய முடிவு விவேகமற்றதாக நமக்குத் தோன்றுவதாலேயே அவர் திறனற்றவர் ஆகிவிட மாட்டார். உண்மையிலேயே திறன் இல்லாதவரின் சார்பில் எடுக்கப்படும் முடிவும் அவருடைய நலனுக்கு உகந்ததாக இருக்க வேண்டும். அவருடைய உரிமையையும் செயல் சுதந்திரத்தையும் மிகக் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழி எது என்றும் பார்க்க வேண்டும். கட்டிப்போடுவது, பிடித்து வைப்பது போன்றவை அவருக்கு நேரக்கூடிய தீங்கைத் தடுக்க அவசியமாகவும், அந்தத் தீங்கின் வாய்ப்புக்கும் கடுமைக்கும் ஏற்ற அளவிலும் இருந்தால் மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன. வேலை சுலபமாகும் என்பது அங்கே காரணமாக ஏற்கப்படுவதில்லை.

இதில் குடும்பங்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது, திறன் என்பது ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாகப் பார்க்கப்பட வேண்டியது என்பதை. வீட்டை விற்பதன் விளைவைப் புரிந்துகொள்ள முடியாத ஒருவரால், இன்று எந்தச் சட்டை போடுவது, யார் தம்மைக் குளிப்பாட்டுவது, யாரைச் சந்திக்க விருப்பமில்லை என்று தெளிவாகச் சொல்ல முடியும். காலையில் குழம்பியிருப்பவர் மாலையில் தெளிவாக இருக்கலாம். திறன் இழந்தால் தம் சார்பில் முடிவெடுக்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும், எல்பிஏ எனப்படும் நீண்டகால அதிகாரப் பத்திரத்தில் அப்பா கையெழுத்திட்டுவிட்டார் என்பதற்காக, அவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே எந்த இல்லத்தில் தங்குவது, என்ன சாப்பிடுவது என்பதையெல்லாம் மகன் தீர்மானிக்கத் தொடங்குவதை நான் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். அவருடைய உடல்நலம், வாழ்க்கைமுறை தொடர்பான அந்த அதிகாரம் அவர் அத்தகைய முடிவை எடுக்கும் திறனை இழந்த பிறகே உயிர்பெறும். சில முடிவுகளை யாருமே அவருக்காக எடுக்க முடியாது என்றும் சட்டம் சொல்கிறது: திருமணத்துக்குச் சம்மதிப்பது, பாலுறவு சார்ந்த தொடுதலுக்குச் சம்மதிப்பது, ஒரு சமயத்தைத் தழுவுவது அல்லது துறப்பது ஆகியவை அவற்றில் அடங்கும். அம்மாவுக்கு நினைவு தப்பிவிட்டது, இனிமேல் எங்கள் சமயப்படி நடக்கட்டும் என்று சொல்லும் பிள்ளைகள் இதை அறிந்திருப்பது நல்லது.

2018இல் நிறைவேறி அவ்வாண்டு டிசம்பரில் நடப்புக்கு வந்த, எளிதில் பாதிக்கப்படக்கூடிய பெரியவர்களுக்கான சட்டமும் இதே திசையில்தான் நிற்கிறது. 18 வயது நிறைந்து, உடல் அல்லது மனநலிவாலோ உடற்குறையாலோ தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாதவர்கள் துன்புறுத்தப்படும்போதோ கைவிடப்படும்போதோ அரசாங்கம் தலையிட அது வழிசெய்கிறது. அப்படித் தலையிடும் சட்டமே, மனத்திறன் உள்ள ஒருவர் எப்படி வாழ விரும்புகிறார், உதவியை ஏற்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கப் பொதுவாக அவரே தகுந்தவர் என்றும் சொல்கிறது. ஒருவர் மறைவாகச் செய்யும் செயல்களை அவர் சம்மதமின்றிப் பார்ப்பதும் படமெடுப்பதும் 2020 ஜனவரி முதல் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றங்களாகிவிட்டன. சிங்கப்பூர் 2013இல் ஏற்ற உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்பாட்டின் 22ஆம் பிரிவு, ஒருவர் எங்கே வசித்தாலும், எத்தகைய ஏற்பாட்டில் தங்கியிருந்தாலும், அவருடைய அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது என்கிறது. இவ்வளவு தெளிவான எழுத்து இருந்தும் வார்டில் நிலைமை வேறாக இருப்பது ஏன்?

2011இல் இங்குள்ள ஒரு தாதிமை இல்லத்தில் மறைவாகப் பதிவான காணொளி ஒன்று தொலைக்காட்சியில் வெளியானது பலருக்கு நினைவிருக்கும். முதிய பெண்மணி ஒருவர் உடையின்றிப் படுக்கையில் விடப்பட்டிருந்ததும், முனகியபோது அறையப்பட்டதும் அதில் தெரிந்தன. புதியவர்களைச் சேர்க்க அந்த இல்லத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. பின்னர் 2015 ஏப்ரலில் நடப்புக்கு வந்த மேம்பட்ட தாதிமை இல்லத் தரநிலைகளில், மருத்துவப் பராமரிப்போடு கண்ணியமான பராமரிப்பும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்த அடியைத்தான் நினைவுகூர்கிறார்கள். அதற்கு முந்தைய காட்சியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அறைவது கொடுமை என்று எல்லாருக்கும் தெரியும். உடையின்றிக் கிடத்துவது வேலையின் ஒரு பகுதியாகத் தோன்றிவிடுகிறது. என் பார்வையில் இரண்டும் தொடர்புள்ளவை. போர்த்தத் தேவையில்லாத உடல் என்று ஒருவருடைய உடலைப் பார்க்கத் தொடங்கிய கைக்கு, அதை அறைவதற்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை.

அந்தக் காணொளி இன்னொரு சிக்கலையும் காட்டுகிறது. கேமரா இல்லாதிருந்தால் அந்தக் கொடுமை வெளியே தெரிந்திருக்காது. அதே கேமரா உடை மாற்றுவதையும் பதிவு செய்யும், பக்கத்துக் கட்டில்களில் இருப்பவர்களையும் பதிவு செய்யும். வீவக வீடுகளில் பணிப்பெண்ணின் பொறுப்பில் அம்மாவை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகள் கூடத்தில் மட்டுமின்றிப் படுக்கையறையிலும் கேமரா வைக்கிறார்கள். அவர்களுடைய அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. என்றாலும், கேமரா இருப்பது அம்மாவுக்குத் தெரியுமா, பணிப்பெண்ணுக்குத் தெரியுமா, உடை மாற்றும் நேரத்தில் அது அணைக்கப்படுகிறதா, அந்தக் காட்சி எத்தனை பேருடைய கைத்தொலைபேசியில் திறக்கிறது என்பதற்கெல்லாம் பதில் வைத்திருக்க வேண்டும். மூன்று பிள்ளைகளும் மருமக்களும் வேலையிடத்திலிருந்து எந்த நேரமும் எட்டிப் பார்க்கலாம் என்றால், அந்த அறையில் அம்மாவுக்கு எதுவும் மிச்சமில்லை.

வாட்ஸ்அப் குடும்பக் குழுக்களில் வரும் படங்களும் அப்படித்தான். மூக்கில் குழாயோடு, பல்செட் கழற்றிய வாயோடு அரைத்தூக்கத்தில் இருக்கும் பெரியப்பாவின் படம், "பிரார்த்தனை செய்யுங்கள்" என்ற வேண்டுகோளோடு ஈப்போவுக்கும் தஞ்சாவூருக்கும் போய்ச் சேர்கிறது. வெளியே கிளம்பினால் தலைவாரிச் சட்டையில் மடிப்புக் கலையாமல் போனவர் அவர். அந்தப் படத்தை எடுக்க அவர் ஒத்துக்கொண்டிருப்பாரா என்று ஒரு நொடி யோசித்தால் போதும்.

தமிழ் மட்டுமே பேசும் முதியோருக்கு இங்கே தனியாக ஒரு துன்பம் உண்டு. தாதியரும் உதவியாளர்களும் பிலிப்பீன்ஸ், மியன்மார், சீனா, மலேசியா, இந்தியா எனப் பல இடங்களிலிருந்து வந்தவர்கள். மருத்துவர் வந்து கேட்கும்போது மொழிபெயர்க்க அருகில் இருப்பவர் யாரோ அவரையே கூப்பிடுகிறார்கள். அது பெரும்பாலும் மருமகளாகவோ பேரனாகவோ இருக்கும். சில நேரம் பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்த தமிழராகவும் இருக்கும். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் இருக்கிறதா என்ற கேள்வியை மாமனாரிடம் மருமகள் கேட்க வேண்டியிருக்கிறது. "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்கிறார் அவர். மருத்துவர் அதை அப்படியே எழுதிக்கொள்கிறார். இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போகும்போதுதான் உண்மை வெளிவரும். அந்தரங்கம் காக்கப்படாத இடத்தில் மருத்துவமும் பிழையாகிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை. தமிழ் பேசும் தாதி ஒருவரைத் திரைக்குள் வரவழைப்பதோ, தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளரை அழைப்பதோ அந்தக் குடும்பத்தினர் கேட்டுப் பெற வேண்டிய ஒன்று. வலி, தண்ணீர், கழிப்பறை, வேண்டாம் ஆகிய சில சொற்களைப் படத்தோடும் ஆங்கில எழுத்திலும் எழுதிக் கட்டிலருகே ஒட்டிவைத்தால், மற்ற மொழிக்காரர்களும் அவர் சொல்வதைக் கேட்டு நடக்க முடியும்.

தமிழ் பேசுபவர் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். நம் மொழி பேசுகிறவர் என்ற உரிமையில், "எந்த ஊர்? எத்தனை பிள்ளைகள்? ஏன் யாரும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளவில்லை?" என்று தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சாதியைச் சுற்றி வளைத்துக் கேட்பவர்களும் உண்டு. அன்பாகப் பேசுவதாகவே அவர்கள் நினைக்கிறார்கள். எட்டுப் பேர் காதுபடக் கேட்கப்படும் அந்தக் கேள்வி, பிள்ளையை விட்டுக்கொடுக்க மனமில்லாத ஒரு தாயை என்ன செய்யும் என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

அறிவுத்திறன் குறைபாடு உள்ள பெரியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பது வயது மகனை இன்னமும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே குளிப்பாட்டும் தாய்மார்கள் இருக்கிறார்கள். "அவன் குழந்தை மாதிரி, அவனுக்கு என்ன தெரியும்?" என்பது அவர்களின் நியாயம். பல ஆண்டுகளாகத் தனியாக நின்று வளர்த்த கைகள் அவை என்பதால் அவர்களைக் குறை கூற மனம் வருவதில்லை. ஆனால், கேட்காமல் தொடப்படுவதே வழக்கம் என்று பழகிவிட்ட ஒருவரால், தவறான எண்ணத்தோடு ஒருவர் தொடும்போது வேறுபாட்டைக் கண்டுகொள்ள முடியாது. இது என் உடல், கதவைச் சாத்த வேண்டும், வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டும் என்று அவருக்குக் கற்றுக்கொடுப்பதும், அவர் வேண்டாம் என்னும்போது நாம் நிறுத்திக் காட்டுவதும், அவர் பகல்நேர நிலையத்துக்கோ தங்கும் இல்லத்துக்கோ போகும் நாளில் அவருக்குத் துணையாக இருக்கும். அந்தரங்கத்தைப் பாதுகாப்புக்கு எதிராக நிறுத்திப் பேசுகிறவர்கள் இந்த ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எல்லை என்பது பராமரிக்கிறவருக்கும் உண்டு. வீட்டில் படுக்கையிலிருக்கும் தாத்தாவைக் குளிப்பாட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லாமல் பணிப்பெண்ணை வரவழைப்பதும், அவரையும் அதே அறையில் தரையில் படுக்க வைப்பதும், தாத்தாவின் கை தகாத இடத்தில் படுகிறது என்று அவர் தயங்கிச் சொல்லும்போது "வயதானவர், நோய்தானே" என்று அடக்கிவிடுவதும் நடக்கின்றன. நோயாளியின் செயலுக்கு நோய் காரணமாக இருக்கலாம். அதைத் தாங்கிக்கொள்ள வேண்டிய கடமை அந்தப் பெண்ணுக்குக் கிடையாது. அந்த வேலைக்கு இருவர் சேர்ந்து போவது, ஆண் பராமரிப்பாளரை ஏற்பாடு செய்வது, மருத்துவரிடம் சொல்வது என்று செய்யத்தக்கவை பல இருக்கின்றன.

ஓர் இல்லத்தைப் பார்க்கப் போகும்போது வரவேற்பறையின் அழகைவிடத் திரைச்சீலையைக் கவனிப்பது பயனுள்ளது. அது கட்டிலைச் சுற்றி முழுதாக மூடுகிறதா, மூடப்பட்டிருக்கும்போது பணியாளர்கள் வெளியே நின்று குரல் கொடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பூட்டக்கூடிய ஓர் இழுப்பறையாவது உண்டா, கணவனும் மனைவியும் சற்றுநேரம் தனியாக உட்கார்ந்து பேச இடம் உண்டா, குளியல் நேரத்தை மாற்றக் கேட்கலாமா என்று விசாரிக்க வேண்டும். சேரும் நாளில் அம்மாவையே பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கலாம். எப்படிக் கூப்பிட வேண்டும், குளிக்கும்போது மேலே என்ன துணி இருக்க வேண்டும், கூந்தலுக்கு எண்ணெய் வைக்கும் நாள் எது, எதை எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது, உடல்நிலை பற்றி எந்தப் பிள்ளையிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பராமரிப்புத் திட்டத்தை மறுஆய்வு செய்யும் கூட்டத்துக்குக் குடும்பத்தினரை அழைக்கும்போது, அவரையும் சக்கர நாற்காலியில் அழைத்துவந்து உட்கார வைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

குறை கண்டால் சொல்லத் தயங்குகிறவர்களே அதிகம். புகார் செய்தால் அம்மாவைச் சரியாகப் பார்த்துக்கொள்ள மாட்டார்களோ என்ற பயம் நியாயமானதே. தேதி, நேரம், கண்ணால் கண்டது ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு முதலில் தாதிமைப் பிரிவின் பொறுப்பாளரிடம் பேசுவது பெரும்பாலும் பலன் தரும். பலர் அதைத் திருத்திக்கொள்ளவே விரும்புகிறார்கள். அங்கே தீராவிட்டால் சுகாதார அமைச்சிடம் போகலாம். 2023 டிசம்பர் முதல் தாதிமை இல்லங்கள் சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றே இயங்குகின்றன. அடி, பட்டினி, பாலியல் தொந்தரவு என்ற சந்தேகம் இருந்தால் காத்திருக்காமல் காவல்துறையையோ, இரவு பகலாக இயங்கும் 1800-777-0000 என்ற, வன்முறைக்கும் பாலியல் துன்புறுத்தலுக்கும் எதிரான தேசிய உதவித் தொலைபேசி எண்ணையோ அழைக்க வேண்டும். மற்ற குறைகளில், கடிதத்தை அனுப்புவதற்கு முன் அதை அம்மாவிடம் படித்துக் காட்டி, இதை அனுப்பலாமா, இதில் எதையாவது எடுத்துவிட வேண்டுமா என்று அவரிடமே கேட்டுவிட வேண்டும்.